பிளஸ் டூ வரலாற்றுக்கு டிஜிட்டல் பாடநூல்: யாராவது உருப்படியாகப் பயன்படுத்துகிறீர்களா?

கொருக்குப்பேட்டை_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வடசென்னையில் ஓர் உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ ஹிஸ்டரி குரூப்புக்கு வரலாறு எடுக்கிறேன். இந்த வருஷம் 41 பேர். பாதிப் பேர் காசிமேடு, புது வண்ணாரப்பேட்டை பக்கம், மீதி வியாசர்பாடி, புளியந்தோப்பு.

போன வாரம் நிர்வாகம் "டிஜிட்டல் பாடநூல்" வாங்கலாம் என்று ஒரு தனியார் கம்பெனிக்காரர்களை அழைத்து வந்தது. தலைக்கு இவ்வளவு என்று வருஷச் சந்தா. டெமோ காட்டினார்கள். பார்த்தால் நம் அரசுப் புத்தகத்தில் இருக்கும் அதே பத்திகள், பக்கம் புரளும் சத்தம் மட்டும் புதிது. காந்தி பொம்மை ஒன்று தண்டி வரைக்கும் நடக்கிறது, நடுநடுவே ஒரு மதிப்பெண் வினா வருகிறது, சரியான விடையைத் தொட்டால் திரையில் பட்டாசு வெடிக்கிறது. பாடத்தை அதுவே வாசித்தும் காட்டுமாம். 'ஏகாதிபத்தியம்' என்பதை அது 'ஏகாதி... பத்தியம்' என்று நிறுத்தி வாசிக்க, கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன், "மிஸ், பத்தியம்னா உப்பு சேர்க்கக் கூடாதே, அப்புறம் எதுக்கு உப்புச் சத்தியாகிரகம்?" என்றான். வகுப்பு அதோடு முடிந்தது.

எனக்கு டிஜிட்டல் மேல் கோபம் எதுவும் இல்லை. ஆனால் என் பிரச்சினை வேறு. நவீன வரலாறு என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு அது எங்கேயோ டெல்லியிலும் ஐரோப்பாவிலும் நடந்த விஷயம். முதல் உலகப்போர் நடத்தும்போது, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டது நம் துறைமுகத்தில்தான், இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம் என்று சொன்னால், "எங்க அப்பாவை அம்மா எம்டன்னு திட்டும், அதுவா மிஸ்?" என்று கேட்கிறார்கள். அதுதான்டா என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்று போன் விஷயம். பல வீடுகளில் போன் ஒன்றுதான். அப்பா விசைப்படகில் போனால் போனும் கூடவே போய்விடும், வருவதற்கு ஒரு வாரம்கூட ஆகலாம். வீட்டில் போய்ப் பாருங்கள் என்று சொல்வதில் எனக்கே கூச்சம்.

வாங்கச் சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா? வேண்டாம் என்றால், "சரி மேடம், உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதற்குத்தான் பதில் தேடுகிறேன்.

சாக்பீஸ்_தூசி:

டீச்சர், சந்தா கட்டாதீர்கள். பாடநூல் பிடிஎஃப் இலவசம். புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அரசின் தளமான தீக்‌ஷா திறக்கிறது, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி ஆப்பில் வீடியோக்கள் இருக்கின்றன. அதே பத்தியைப் பட்டாசு சத்தத்துக்காகக் காசு கொடுத்து வாங்குவானேன்.

ஆனால் அதோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. பாடநூலில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார் என்பதை அச்சுப் புத்தகம் காட்டாது, அதற்கு இடமும் இல்லை. டிஜிட்டலுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. முழுப் புத்தகத்தையும் திரைக்கு மாற்ற வேண்டாம். பாடத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், எங்கள் பிள்ளைகளும் அதைப் பொட்டலம் என்றே சொல்கிறார்கள்.

எம்டனையே எடுத்துக்கொள்வோம். புத்தகத்துக்கு அது ஒரு வரிச் செய்தி. என் பொட்டலத்தில் 11 பக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் கப்பல் வருகிறது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றன, சுமார் 130 குண்டுகள் சுட்டுவிட்டுப் போய்விடுகிறது. எரிந்த தொட்டிகளின் பழைய படம் கிடைக்கிறது. உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, அதன் படத்தை என் மாணவர்களே எடுத்து வந்தார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் பக்கம் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் எம்டனை அடித்து முடக்கியது. ஏழு வாரத்துக்குள் கதை முடிந்தது, பட்டணத்துக்குப் பிடித்த பயம் முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்த பக்கம் எது தெரியுமா? விடுதலைப் போராளி செண்பகராமன் எம்டனில் வந்தார் என்று நம் ஊரில் ஒரு கதை உண்டல்லவா, அது. நான் பொய் என்று சொல்வதில்லை, உண்மை என்றும் சொல்வதில்லை. ஒரு உலக வரைபடத்தைப் போடுவேன். எம்டன் புறப்பட்டது சீனாவின் சிங்டாவோவில் இருந்த ஜெர்மன் தளத்திலிருந்து. செண்பகராமன் அந்த வருஷம் சூரிச்சில் இருந்து, பிறகு பெர்லினுக்குப் போனவர். "இப்போ சொல்லு, அவர் எங்கே ஏறியிருப்பார்?" அவ்வளவுதான் கேள்வி. அரைமணி நேரம் வகுப்பு தானாக நடக்கும். ஒரு பெண், "அப்போ சார், இந்தக் கதையை முதல்ல சொன்னது யாரு, எப்போ?" என்று கேட்டாள். எனக்குச் சம்பளம் அன்றைக்குக் கைக்கு வந்த மாதிரி இருந்தது.

தேவையானவை ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர். வீட்டுக்குப் போன் தேவையே இல்லை. போன் உள்ளவர்களுக்கு அனுப்புங்கள், இல்லாதவர்களுக்கு நாலு பக்கம் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

யூனிகோடு_கிறுக்கன்:

நான் வாத்தியார் இல்லை, மின்னூல் செய்கிறவன். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலாவது, பிடிஎஃப் என்பதை டிஜிட்டல் பாடநூல் என்று சொல்வதை நிறுத்துங்கள். அது தாளின் போட்டோ மாதிரி. ஆறு அங்குலத் திரையில் இரண்டு பத்தி வரிசையை இழுத்து இழுத்துப் படித்தால் மூன்றாவது நிமிஷம் பையன் ரீல்ஸுக்குப் போய்விடுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. அதைவிட மோசம் எழுத்துரு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக இருக்கும். அதில் 'சுதேசி' என்று தேடினால் ஒன்றும் வராது. ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக வந்தால் அந்தக் கோப்பு அந்த ரகம். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் வசதி) போட்டுக் கேட்டால் அவருக்கும் அந்தக் குப்பைதான் காதில் விழும். உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அடுத்த வருஷம் வரலாம், ஆகவே யூனிகோடில் அடியுங்கள்.

இரண்டாவது, இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம். லிப்ரே ஆபீஸில் தலைப்புகளைத் தலைப்பு என்று குறித்து எழுதி, ஏற்றுமதியில் இபப் கொடுத்தால் போதும், இலவசம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். படங்களை ஆயிரம் பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள். ஒலி சேர்த்தால் மோனோவில் 32 கேபிபிஎஸ் போதும், ஐந்து நிமிஷப் பேச்சு சுமார் 1.2 எம்பிதான் வரும். மொத்தப் பொட்டலமும் ஐந்து எம்பிக்குள் நின்றால் புளூடூத்தில்கூட ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் போய்விடும், டேட்டா செலவே இல்லை. வாட்ஸ்அப்பில் பழைய ஆவணப் படத்தை அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அதுவே நசுக்கிவிடும், ஆவணத்தில் இருக்கும் எழுத்து படிக்க வராது.

ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, கூகுள் டிரைவும் செய்யும். ஆனால் பழைய அச்சில் 'ணை', 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டு வரும், அங்கே மென்பொருள் தடுக்கி விழும். கண்ணால் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

விடைத்தாள்_கட்டு:

எல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும். பத்து வருஷமாக விடைத்தாள் திருத்தப் போகிறேன். பொதுத்தேர்வு 90 மதிப்பெண், அதில் 20 ஒரு மதிப்பெண் வினா. ஏழு ஐந்து மதிப்பெண் வினா. செண்பகராமன் எங்கே ஏறினார் என்று ஒருவரும் கேட்கப் போவதில்லை. புளியந்தோப்புப் பையனுக்கு மார்க் வந்தால்தான் காலேஜ். உங்கள் பொட்டலத்துக்காக ஒரு வாரம் செலவழித்துவிட்டு, கடைசியில் ஜனவரியில் ரிவிஷனுக்கு நாள் போதவில்லை என்று அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரையில் படித்தால் மனதில் நிற்பது குறைவு என்பதும் சும்மா சொல்வதில்லை. 2018இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தகவல் சார்ந்த உரைகளை, அதிலும் நேரக் கெடுவுக்குள் படிக்கும்போது, தாளில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதல் என்று வந்தது. தென்கொரியா 2025 மார்ச்சில் ஏஐ டிஜிட்டல் பாடநூல்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, அதே ஆகஸ்டில் அதற்குப் பாடநூல் என்ற தகுதியை எடுத்துவிட்டு துணைக்கருவி என்று இறக்கியது. அவ்வளவு காசுள்ள நாடே அப்படி.

படிக்கத் தாள், பார்க்கத் திரை. புத்தகத்தைப் படித்து எழுதிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். அதற்கு மேல் வாரத்தில் ஒரு பீரியட் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சாக்பீஸ்_தூசி:

@விடைத்தாள்_கட்டு, ஒரு பீரியட்தான் சார் நானும் எடுக்கிறேன், அதுவும் வாரா வாரம் இல்லை. வருஷத்துக்கு ஏழு பொட்டலம். ஐந்து மதிப்பெண் விடை எழுதும்போது ஒரு பையன் எரியும் எண்ணெய்த் தொட்டியை நினைத்து எழுதுவதற்கும், 'போரின் விளைவுகள்: அ, ஆ, இ' என்று கைடில் இருந்து ஒப்பிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. திருத்தும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் ஜனவரியில் நானும் பொட்டலத்தைத் தொடமாட்டேன், அது சத்தியம்.

மில்_சங்கு:

வாத்தியார்கள் நடுவில் நான் வருகிறேன். பெரம்பூர்க்காரன். அப்பா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) மில்லில் 1996இல் மூடும் வரை வேலை பார்த்தார், அதற்கு முன் தாத்தா, அவருக்கு முன் கொள்ளுத்தாத்தா. டீச்சர் எப்படியும் தொழிற்சங்கத்தைப் பொட்டலம் கட்டுவார் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று பெயர்கள் வரும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் நம் பேட்டையில் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், உட்காரட்டும். திரு.வி.க.வே தன் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, பக்கங்களை எடுத்துப் போட உரிமைச் சிக்கல் இருக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஸ்கேனாகவே இருக்கின்றன.

சிக்கல் 1921இல் வருகிறது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் மில்லில் நடந்த வேலைநிறுத்தம் ஒரு வீரக்கதை: வெள்ளைக்காரன் மில், ஆறு மாசப் பட்டினி, போலீஸ் துப்பாக்கிச் சூடு. காலேஜ் சேர்ந்த பிறகு புளியந்தோப்பு நண்பன் ஒருவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் பாட்டி அதே 1921ஐச் சொன்னார், அது குடிசை எரிந்த கதை. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள், அது சாதிக் கலவரமாக மாறிப் புளியந்தோப்பு எரிந்தது. நீதிக்கட்சிக்குள்ளேயே அந்த விரிசல் போனது, ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். எனக்கு இருபது வயது வரை இதில் ஒரு பாதிதான் தெரியும். சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

டீச்சர், உங்கள் வகுப்பில் இரண்டு பேட்டைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். ஆகவே வீரக்கதையை மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள். கலவரத்தைத் திரையில் போட்டு, ஒரு பையனை எழுப்பி "உங்க ஏரியாதானே, சொல்லு" என்றும் கேட்காதீர்கள். வேலைக்குத் திரும்பியவர்கள் ஏன் திரும்பினார்கள், அவர்களுக்குச் சங்கம் என்ன செய்திருந்தது, என்ன செய்யவில்லை என்ற கேள்வியை முதலில் வையுங்கள். பிறகு மற்றது.

கொருக்குப்பேட்டை_டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் மிட் டேர்ம். நிர்வாகத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "டெமோ நன்றாகத்தானே இருந்தது" என்றார் செயலாளர். பட்டாசு நன்றாக இருந்தது சார் என்றேன். இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், கம்பெனிக்காரர் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.

எம்டனில் தொடங்கினோம். சனிக்கிழமை ஆறு பேர் கல்வெட்டைப் பார்க்கப் போனார்கள், சுவரைப் படம் எடுக்கிறீர்களே எதற்கு என்று ஒரு காவலர் கேட்டிருக்கிறார், எம்டன் என்றதும் சிரித்துவிட்டு, படிக்கிற பசங்களா என்று விட்டுவிட்டாராம். @யூனிகோடு_கிறுக்கன் சொன்னபடி இபப் செய்தேன், முதல் தடவை படங்கள் எல்லாம் தலைகீழாக வந்தன, இரண்டாவது தடவை சரி. 3.4 எம்பி. 41 பேரில் 26 பேரிடம் போய்ச் சேர்ந்தது, மற்றவர்களுக்கு ஜெராக்ஸ்.

@மில்_சங்கு அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுத் தொழிற்சங்கப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன். விடப்போவதில்லை. நான் முதலில் சரியாகப் படிக்க வேண்டும், எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது.

இப்போது புதுச் சிக்கல். இரண்டாம் உலகப்போர் பாடத்துக்கு, வீட்டில் பெரியவர்கள் யாராவது பர்மாவில் இருந்து வந்தவர்கள் இருந்தால் கேட்டு வாருங்கள் என்றேன். நாலு கை தூக்கினார்கள். வியாசர்பாடியில் இருந்து வரும் ஒரு பெண் தன் பாட்டி பேசியதைப் பதிவு செய்து வந்தாள், ஏழு நிமிஷம். அசந்துபோனேன். ரங்கூன் வீடு, குண்டு விழுந்தது, காட்டு வழியாக நடந்தது, வழியில் விட்டுவிட்டு வந்த தம்பி, அப்புறம் கப்பல், அப்புறம் துறைமுகத்தில் இறங்கி பர்மா நூடுல்ஸான அத்தோக் கடை போட்டது வரைக்கும் ஒரே மூச்சில்.

ஆனால் பாட்டிக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்தது 1942 மார்ச்சில். காட்டு வழியாக நடந்தது அந்த வருஷம். கப்பலில் வந்தது 1964இல் பர்மா அரசு கடைகளை எல்லாம் நாட்டுடைமை ஆக்கிய பிறகு. அப்போது பாட்டி சின்னப் பெண். நடந்தது பாட்டியின் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், போர் முடிந்து குடும்பம் திரும்பவும் ரங்கூன் போயிருக்க வேண்டும். பாட்டி அம்மாவின் கதையையும் தன் கதையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார், 'நாங்க நடந்தோம்' என்றே சொல்கிறார். பேத்தியிடம் இதைச் சொன்னால் பாட்டி பொய் சொன்னதாக எடுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது. வெட்டிவிடவும் மனசில்லை. என்ன செய்யட்டும்?

சாக்பீஸ்_தூசி:

வெட்டாதீர்கள் டீச்சர், ஒரு வார்த்தைகூட வெட்டாதீர்கள். பதிவை அப்படியே போட்டு, பக்கத்தில் ஒரு காலக்கோடு மட்டும் வரையுங்கள். ரங்கூன் வீழ்ந்தது 1942 மார்ச் 8. ஏப்ரல் 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு போட்டது, அந்த மாதமே மெட்ராஸே பாதி காலியானது. பர்மாவில் 1962 ராணுவ ஆட்சி, 1964 நாட்டுடைமை. கோட்டில் பாட்டி பிறந்த வருஷத்தையும் பேத்தியையே குறிக்கச் சொல்லுங்கள். அவளே கண்டுபிடிப்பாள், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

கண்டுபிடித்ததும் அவளிடம் ஒன்று கேளுங்கள்: பாட்டி ஏன் 'நாங்க' என்று சொல்கிறார்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் பிறப்பதற்கு முன் வந்த வெள்ளத்தில் 'நம்ம' பாத்திரம் போன கதையை நானே அனுபவித்த மாதிரிச் சொல்வேன்.

அப்புறம் குரூப்பில் போடுவதற்கு முன் பாட்டியிடம் கேட்டுவிடுங்கள், பேத்தி சம்மதித்தால் போதாது. அந்தத் தம்பி விஷயம் வெளியே போகலாமா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை_டீச்சர்:

நேற்று வீட்டுக்கே போய்க் கேட்டேன். போடச் சொல்லிவிட்டார். தம்பி பெயரை மட்டும் சொல்ல வேண்டாமாம். பதிவில் அந்த இடத்தை எப்படி ஒலியடக்குவது, @யூனிகோடு_கிறுக்கன், கொஞ்சம் சொல்லுங்களேன். போனிலேயே செய்ய முடிந்தால் நல்லது, லேப்டாப்பை இன்னொரு டிபார்ட்மென்ட் வாங்கிப் போய்விட்டது.